பூனை உதட்டுப் புண்ணும் பட்டுச் சாயமும்

எங்க கண்ணமங்கலம் பக்கம் மாட்டுக்கு வாயில புண்ணு வந்தா தெருவே கூடி நிக்கும். பூனைக்கு உதட்டுல புண்ணு வந்தா "எலி கடிச்சிருக்கும், விடு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. இந்த எலிக்கடிப் பேச்சுக்குப் பெரிய வரலாறு இருக்கு. சீமை வைத்தியருங்களும் இதே பேரைத்தான் அந்தப் புண்ணுக்கு வெச்சிருந்தாங்க.

மாட்டு வாய்ப்புண்ணுக்கு ஏன் அவ்வளவு பயம்னு நகரத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லணும். வெக்கை நோய்னு ஒண்ணு இருந்தது. வாயெல்லாம் புண்ணாகி, கழிச்சல் கண்டு, சில நாள்லயே மாடு செத்துடும். ஒரு வீட்டுல வந்தா தொழுவம் தொழுவமா காலியாகும். வெள்ளைக்காரன் காலத்துல 1871-லயே மாட்டுக் கொள்ளைநோயைப் பத்தி ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்திருக்கு. 1903-ல சென்னை வேப்பேரியில கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1932-ல நமக்குப் பக்கத்து ராணிப்பேட்டையில, வெக்கைக்கு மருந்து தயாரிக்கவே ஒரு நிலையம் வந்தது. இந்தியாவுல கடைசியா வெக்கை பதிவானது 1995-ல, அதுவும் நம்ம வட ஆற்காட்டுப் பக்கம்தான். 2011-ல உலகத்துலயே ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. இத்தனை நடந்ததுல பூனையை யாரும் கணக்குல எடுத்துக்கலை. உழவுக்கு மாடு, வண்டிக்குக் குதிரை, அதுக்குத்தான் அந்தக் காலத்துல டாக்டர்.

ஆனா தறி வீட்டுல பூனை சும்மா திங்கிற ஜீவன் இல்லை. கஞ்சி போட்ட பாவுல எலி பல்லு வெச்சா எத்தனை நாள் கூலி போகும்னு நெசவுக்காரங்களைக் கேளுங்க. மல்லாட்டை மூட்டை அடுக்குற என்னை மாதிரி ஆளுங்களுக்கும் அதே கதைதான்.

போன வருஷம் ஆடி முடிஞ்ச சமயம், எங்க தெருவுல ஒரு தறி வீட்டுப் பூனைக்கு மேல் உதடு தடிச்சு, நடுவுல குழி விழுந்து, ஓரம் மேடா செவந்து போச்சு. பாக்கவே ஒரு மாதிரி. ஆனா பூனை வலியில கத்தலை, சோறும் தின்னுது. அந்த வீட்டுப் பெரியம்மா, "புள்ளைங்க படுக்கிற எடம், ஒட்டிக்கும். சாக்குல கட்டி ஏரிக்கு அந்தாண்ட விட்டுட்டு வா"ன்னாங்க. அவங்க மகன் என்கிட்ட வந்து, "அண்ணே, ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் விடலாமா?"ன்னான். ரெண்டு பேருமா கோணிப்பையில போட்டு கால்நடை டாக்டர்கிட்ட கொண்டு போனோம்.

டாக்டர் உதட்டைப் பாத்த கையோட முதுகு மயிரை விலக்கினார். மிளகுப் பொடி மாதிரி கறுப்பா ஏதோ உதிர்ந்துச்சு. ஈரப் பஞ்சுல வெச்சு நசுக்கினதும் பஞ்சு செவந்துச்சு. "இது தெள்ளுப்பூச்சி எச்சம். பூனை ரத்தம்தான் இது. எலியும் கடிக்கலை, ஒண்ணும் கடிக்கலை"ன்னார். அப்புறம் புண்ணு மேல ஒரு கண்ணாடித் துண்டை ஒத்தி எடுத்து, சாயம் போட்டுப் பாக்கணும்னார்.

அந்தச் சாயத்தோட கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1827-ல அயர்லாந்து டப்ளின் நகரத்துல ஆர்தர் ஜேகப்னு ஒரு கண் டாக்டர், மனுஷன் இமையில வந்து கொஞ்சம் கொஞ்சமா சதையை அரிக்கிற புண்ணைப் பத்தி எழுதினார். எலி கொறிக்கிற மாதிரி இருக்குன்னு அந்த வகைக்கு ‘ரோடன்ட் அல்சர்’னு பேராச்சு. கொறிக்கிற புண்ணுன்னு அர்த்தம். அது ஒரு வகைப் புற்றுநோய். பின்னாடி பூனை உதட்டுப் புண்ணையும் பாத்தவங்க, உருவம் ஒத்துப்போச்சுன்னு அதே பேரைத் தூக்கி இதுக்கும் வெச்சுட்டாங்க. இது புற்றும் இல்லை, எலியும் இல்லை. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

1870-கள்ல ஜெர்மனியில ‘இயோசின்’னு ஒரு ரோஸ் சாயம் கண்டுபிடிச்சு, பட்டுக்குச் சாயம் போட வித்தாங்க. கிரேக்க மொழியில விடியலைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்த பேரு. 1879-ல பால் எர்லிக்னு ஒரு இளம் டாக்டர் அதை ரத்தத்துல போட்டுப் பாத்தார். ஒரு வகை வெள்ளை அணுவுக்குள்ள இருக்கிற மணிங்க மட்டும் அந்தச் சாயத்தை நல்லா உறிஞ்சுச்சு. அதனால அந்த அணுவுக்கு ‘இயோசினோஃபில்’, அதாவது இயோசின் பிரியன்னு பேரு வெச்சார். பூனை உதட்டுப் புண்ணுல குவிஞ்சு கிடக்கிறது அனேகமா இதே அணுதான். இப்ப டாக்டருங்க அந்த நோயையே இந்தப் பேராலதான் சொல்றாங்க. பட்டு நூலுக்குப் பிறந்த சாயம், தறி வீட்டுப் பூனை விஷயத்துல வந்து சாட்சி சொல்லுது பாருங்க.

சாட்சி என்னன்னா, பூனையோட உடம்பே தெள்ளுக் கடிக்கு அளவுக்கு மீறிச் சண்டை போடுது, அதுல உதடு வெந்து போகுது. சில பூனைக்கு ஏதாவது தீனி ஒத்துக்காமலும் வரும். மனுஷனுக்கு ஒட்டாது. பெரியம்மாவுக்கு இதைச் சொன்ன பிறகுதான் சாக்கு உள்ள போச்சு.

எல்லாப் புண்ணும் இதுதான்னு நெனச்சுடாதீங்க. மோவாயில கறுப்புப் புள்ளியா அழுக்கு மாதிரி வந்தா அது முகப்பரு ஜாதி. பிளாஸ்டிக் கிண்ணத்தை மாத்தி எவர்சில்வர் தட்டு வெச்சுத் தினம் கழுவச் சொல்வாங்க. வட்டமா மயிர் உதிர்ந்தா படர்தாமரை, அது மட்டும் நிச்சயமா புள்ளைங்களுக்கு ஒட்டும். சண்டையில பல்லு பட்டா சீழ் கட்டும். கிழட்டுப் பூனைக்கு உதட்டுப் புண்ணு ஆறவே இல்லைன்னா துண்டு எடுத்துச் சோதிக்கணும், அது நெஜமாவே புற்றா இருக்கலாம்.

நம்ம பூனைக்கு டாக்டர் வீக்கம் வத்த ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்தார். கழுத்துல சொட்டு விடுற தெள்ளு மருந்தும் எழுதினார். நாய்க்கு விக்கிற சொட்டு மருந்தைப் பூனைக்கு விடக்கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னார், அதுல சிலதுல இருக்கிற பெர்மெத்ரின் பூனையைக் கொன்னுடும். பாராசிட்டமால் அரை மாத்திரை கூட விஷம். பினாயிலோ டெட்டாலோ புண்ணுல தொடவே கூடாது, நக்கிடும்.

தெள்ளு முட்டை பூனை மேல மட்டும் இல்லை, அது படுக்கிற எடத்துலதான் நெறைய இருக்குமாம். அந்தப் பூனை படுக்கிறது தறிக்குழியில. அவனும் அவன் சம்சாரமும் குழியில இருந்த பஞ்சு, தூசி எல்லாத்தையும் கூட்டி அள்ளிக் கொளுத்தினாங்க. மூணு வாரத்துல உதடு சமமாச்சு. இந்த ஆடியில திரும்ப லேசா தடிச்சப்போ, பெரியம்மாவே ஈரப் பஞ்சை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாங்க.