புஷ்ஷும் கியர் ராடும்: கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் வரலாறு

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு வெச்சிருந்த மேட்டர் இது. கார் பிடிக்காதவங்களும் கடைசி வரைக்கும் வாங்க. இதுல ரேஸ் இருக்கு, ரப்பர் இருக்கு, என் முட்டாள்தனமும் தாராளமா இருக்கு :-)

பொட்டி தட்ட மியூனிக் வந்த ரெண்டாவது வருஷம் ஒரு பழைய பிஎம்டபிள்யூ வாங்கினேன். 1989 மாடல் 325ஐ, நாலு கதவு. கம்பெனிக்காரன் வெச்ச குறியீடு இ30. என்னைவிட எட்டு வயசு மூத்தது. மரியாதையாத்தான் ஓட்டினேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை நண்பர் குடும்பத்தோட சால்ஸ்பர்க் போயிட்டுத் திரும்பறோம். 120ல போயிட்டிருக்கும்போது முன்னாடி ஒரு லாரி லேன் மாறுது. பிரேக்கை அழுத்தினேன். ஸ்டியரிங் கையில கிடுகிடுன்னு நடுங்குது, வண்டி ஒரு பக்கமா இழுக்குது. எப்படியோ வேகம் குறைஞ்சு தப்பிச்சோம். பின்சீட்ல நண்பரோட ரெண்டு வயசுக் குழந்தை நல்லாத் தூங்கிட்டிருந்துச்சு. நண்பரும் அவங்க மனைவியும் ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தா பரவாயில்லை. அந்த மௌனம்தான் வீடு வர்ற வரைக்கும் என்னைக் குத்திக்கிட்டே வந்துச்சு.

மறுநாள் வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தேன். முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற லோயர் ஆர்ம் அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கும். அதோட பின்முனை ஒரு ரப்பர் புஷ்ஷுக்குள்ள உட்கார்ந்திருக்கும். அந்த புஷ்ஷும் அதைப் பிடிக்கிற அலுமினியக் கூடும் சேர்ந்து பார்க்க லாலிபாப் மாதிரி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னாடி போகப் பார்க்கும். அதைத் தடுக்கறதுல பெரிய பங்கு இந்த புஷ்ஷுக்குத்தான். என் வண்டில அது கிழிஞ்சு தொங்கிட்டிருந்துச்சு. வயசு அப்படி.

புதுசு வாங்கி நானே மாட்டினேன். மூணு மாசம்தான். மறுபடியும் கிழிஞ்சிடுச்சு. "ரப்பரே வேஸ்ட், பாலியூரித்தேன் போட்டுடலாம்"னு முடிவு பண்ணி, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் படிப்போமேன்னு உட்கார்ந்தேன். அங்கதான் வரலாறு ஆரம்பிக்குது. கொசுவத்தியை சுத்திக்கோங்க.

ஆரம்பகாலக் கார்கள்ல ஆடுற ஒவ்வொரு மூட்டுலயும் வெண்கல புஷ்தான். உலோகத்து மேல உலோகம் உரசும். அதனால கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை கிரீஸ் அடிச்சே ஆகணும். நம்மூர் அம்பாசிடர், பத்மினி வெச்சிருந்த பெரியவங்களைக் கேளுங்க, கிரீஸ் கன் கதை நிறைய சொல்வாங்க.

இதுக்கு மாற்றா வந்ததுதான் ரப்பர் புஷ். சார்லஸ் குட்இயர் 1839ல் கந்தகத்தோட ரப்பரை சூடாக்கி உறுதியாக்கற வித்தையைக் கண்டுபிடிச்சதால, வெயிலுக்கு இளகாத, குளிருக்கு உடையாத ரப்பர் கிடைச்சிடுச்சு. ஆனா மூட்டுல வெச்சதுக்கு அப்புறம் நடந்ததுதான் புத்திசாலித்தனம். இங்க எதுவுமே உரசாது. உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் ரப்பர் இறுக்கமாப் பிடிச்சிருக்கும். மூட்டு ஆடும்போது ரப்பரே முறுக்கி, திரும்ப விட்டுக்கும். உரசல் இல்லை, கிரீஸ் இல்லை, சத்தமும் இல்லை. பிரெஞ்சுக்காரங்க இதை இன்னைக்கும் சைலன்ட்பிளாக்னுதான் சொல்றாங்க. பொருத்தமான பேர்.

அடுத்து எஞ்சின். எஞ்சினை சேஸிஸோட இறுக்கி முடுக்கினா அதோட நடுக்கமெல்லாம் உட்கார்ந்திருக்கறவன் முதுகுக்கு வரும். கிரைஸ்லர் கம்பெனி 1931ல் பிளைமவுத் கார்ல 'மிதக்கும் சக்தி'ங்கற அர்த்தத்துல பேர் வெச்சு, எஞ்சினை ரப்பர் மேல உட்கார வெச்சாங்க. நாலு சிலிண்டர் எஞ்சின் பெரிய எஞ்சின் மாதிரி வழவழன்னு ஓடிச்சு. சிட்ரோயன் அதுக்கு உரிமம் வாங்கி, 1932லேர்ந்து அன்னப்பறவை படம் போட்டு வித்தாங்க.

இதுக்கும் கியர் ராடுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. எஞ்சின் ரப்பர்ல மிதந்தா அதோட ஒட்டின கியர்பாக்ஸும் ஆடும். ஆனா கியர் ராடு டிரைவர் பக்கத்துல நிக்கணும். அதனால இ30ல கியர் ராடு ஒரு தாங்கி மேல உட்காருது. தாங்கியோட முன்பக்கம் கியர்பாக்ஸ்ல, பின்பக்கம் ஒரு ரப்பர் புஷ் வழியா பாடியில. ராடோட அடிமுனையிலேர்ந்து ஒரு கம்பி போய் கியரை மாத்தும். இத்தனை மூட்டு, இத்தனை பிளாஸ்டிக் வாஷர். முப்பது வருஷத்துல ஒவ்வொண்ணும் கொஞ்சம் தேய்ஞ்சா, மூணாவது கியர் எங்க இருக்குன்னு துழாவித்தான் கண்டுபிடிக்கணும். எஞ்சின் மிதக்கற சுகத்துக்கு நாம குடுக்கற வாடகை இது.

இப்போ நம்ம ஹீரோ பாலியூரித்தேன். 1937ல் ஜெர்மனியில ஓட்டோ பயர் தலைமையில கண்டுபிடிச்சது. (பயர் கம்பெனியை ஆரம்பிச்ச குடும்பத்துக்கும் இவருக்கும் சொந்தம் இல்லை.) ரப்பரைவிட விறைப்பு, எண்ணெய்க்கு அசைஞ்சு குடுக்காது. ஆனா புஷ்ஷா வரும்போது அது பொதுவா முறுக்கிக்கறது இல்லை, நடுவுல இருக்கற உலோகக் குழல் மேல சுத்துது. அதாவது உரசுது. அதாவது கிரீஸ் வேணும். காய்ஞ்சா கீச்சு கீச்சுன்னு கத்தும். சுத்தி சுத்தி வெண்கல புஷ் காலத்துக்கே வந்துட்டோம் பாருங்க!

சரி, இதே இ30ஐ ரேஸுக்கு எடுத்துட்டுப் போனவங்க என்ன பண்ணினாங்க? குரூப் ஏ விதிப்படி பன்னிரண்டு மாசத்துல 5000 வண்டி செஞ்சாத்தான் களத்துல இறங்க முடியும். அதுக்காக 1986ல் விற்பனைக்கு வந்ததுதான் முதல் எம்3. 1987ல் உலக டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை ராபர்ட்டோ ரவாலியா எம்3ல ஜெயிச்சார். ஐரோப்பிய எம்3ல முதல் கியர் இடப்பக்கம் கீழே இருக்கும். ரேஸ்ல அடிக்கடி மாத்தற ரெண்டு, மூணு ஒரே நேர்கோட்டுல வரணும்னு செஞ்ச ஏற்பாடு.

அந்த எம்3யோட லோயர் ஆர்ம் புஷ் எதுல செஞ்சதுன்னு நினைக்கறீங்க? தெருவுல ஓடற எம்3ல சாட்சாத் ரப்பர்தான்! ஒரே வித்தியாசம், துளை நடுவுல இல்லாம ஓரமா இருக்கும். அதனால சக்கரத்தோட சாய்வுக்கோணம் மாறி ஸ்டியரிங் நேரா நிக்கும். பொருளை மாத்தலை, வடிவத்தை மாத்தினாங்க. முழு ரேஸ் வண்டியில உலோக உருண்டை மூட்டு போடுவாங்கதான். ஆனா அதை அடிக்கடி பார்த்து மாத்தறதுக்கு ஒரு மெக்கானிக் கூட்டமே கூட இருக்கும்.

அப்போ என் புஷ் ஏன் மூணு மாசத்துல கிழிஞ்சது? இங்கதான் அசடு வழியறேன். ரப்பர் முறுக்கிக்கற மூட்டுன்னா, வண்டி தரையில நிக்கற நிலைதான் அதுக்கு ஓய்வு நிலையா இருக்கணும். புஷ்ஷை ஆர்ம்ல ஏத்தறதுக்கு சோப்புத் தண்ணி மாதிரி ஏதாவது தடவுவோம். அது காயறதுக்குள்ள வண்டியை இறக்கி சக்கரத்து மேல நிறுத்தணும். நான் ஜாக் ஸ்டாண்டு மேலயே விட்டுட்டு தூங்கப் போயிட்டேன். ராத்திரியில ரப்பர் தொங்கற நிலையிலேயே பிடிச்சுக்கிச்சு. காலையில இறக்கினதுலேர்ந்து நின்னாலும் ஓடினாலும் முறுக்கிக்கிட்டே இருந்திருக்கு. குத்தம் ரப்பர் மேல இல்லை. நான் பொருளைத் திட்டிட்டிருந்தேன்.

ரெண்டாவது தடவை எம்3 வகை ரப்பர் புஷ் வாங்கினேன். மாட்டின கையோட வண்டியை இறக்கி, நாலு தடவை அமுக்கி விட்டு, ராத்திரி முழுக்க சக்கரத்து மேலயே நிறுத்தினேன். அப்புறம் வீல் அலைன்மென்ட். வருஷம் ஒண்ணாச்சு, கல்லு மாதிரி இருக்கு.

கியர் ராடுலயும் அதே பாடம். இ30காரங்க வழக்கமா செய்யற மாதிரி இசட்3 1.9 வண்டியோட ராடை வாங்கினேன். ஊன்றுபுள்ளிக்குக் கீழே நீளம் கூடினா, மேலே கை போற தூரம் குறையும், பதிலுக்கு பலம் கூட வேணும். நெம்புகோல் கணக்கு, ஆர்க்கிமிடீஸ் தாத்தா சொன்னதுதான். ஆனா அதை மாட்டறதுக்கு முன்னாடி, இந்த தடவை புத்தியா, தேய்ஞ்ச பிளாஸ்டிக் வாஷரையும் தாங்கியோட ரப்பர் புஷ்ஷையும் மட்டும் மாத்தி ஓட்டிப் பார்த்தேன். ஆட்டத்துல முக்கால்வாசி அதுலயே போயிடுச்சு. காசும் ரொம்பக் கம்மி. இசட்3 ராடு இன்னும் அலமாரியில தூங்குது. யாருக்காவது வேணுமா? :-)

போன மாசம் அதே நண்பர் குடும்பத்தைக் கூப்பிட்டேன். கொஞ்சம் தயங்கிட்டுத்தான் ஏறினாங்க. அதே சால்ஸ்பர்க் ரோடு. வேணும்னே காலியான இடம் பார்த்து, முன்னாடியே சொல்லிட்டு ஒரு தடவை பிரேக் அழுத்தினேன். வண்டி நேரா, அமைதியா நின்னுச்சு. குழந்தை இப்போ பெருசாயிடுச்சு, தூங்கலை. "இன்னொரு தடவை மாமா"ன்னுச்சு.

நண்பரோட மனைவி சிரிச்சிட்டாங்க. எனக்கு அது போதும்.