பனிக்காலணி

புதுப்பனியில் கால் புதையாமல் நடப்பதற்காக, பூட்ஸின் அடியில் வார்களால் இறுக்கிக் கட்டிக்கொள்ளும் அகன்ற சட்டமே பனிக்காலணி. உடல் எடையைப் பாதத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு பரப்பில் அது பரப்பிவிடுவதால், ஓரிடத்தில் விழும் அழுத்தம் குறைகிறது. மழைக்கு மறுநாள் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் காட்டைக் கடந்தவர்களுக்கு, இடுப்பளவு பனியில் நடப்பது என்ன பாடு என்று விளக்க வேண்டியதில்லை.

தோற்றம்

இத்தாலி - ஆஸ்திரியா எல்லையில் 3,134 மீட்டர் உயரப் பனியாற்றில், 2003-ஆம் ஆண்டு நில அளவைக்குச் சென்ற சிமோனே பார்த்தோலினி பிர்ச் மரத்தாலான பழைய வளையம் ஒன்றைக் கண்டெடுத்தார். யாரோ ஒரு விவசாயி நூறு ஆண்டுக்கு முன் தொலைத்தது என்று நினைத்துத் தம் அலுவலகத்தில் வைத்துக்கொண்டார். ஆய்வில் அதன் காலம் கி.மு. 3800–3700 என்று தெரியவந்தது. இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய பனிக்காலணி அதுதான்.

கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, காகசஸ் மலைவாசிகள் பச்சை மாட்டுத்தோலில் முரசு போன்ற அகன்ற, முள் பதித்த காலணி அணிந்து பனியில் ஏறியதை எழுதிவைத்திருக்கிறார். ஆனால் இக்கருவி முழு வளர்ச்சி பெற்றது வட அமெரிக்காவில். க்ரீ, ஓஜிப்வே, ஹூரான் முதலிய தொல்குடிகள் ஆஷ் மரத்தை வளைத்துச் சட்டமாக்கி, மான் இனத் தோல்வார்களால் வலை பின்னினர். அடர்காட்டில் சட்டென்று திரும்ப வட்ட வடிவம், திறந்தவெளியில் நெடுந்தொலைவு போக நீள்வடிவம் என்று நிலத்துக்கேற்ப அவை மாறின. ஆழ்பனியில் சிக்கித் தடுமாறும் மூஸ் மானைத் துரத்திப் பிடிக்க வேடனுக்கு அவை கைகொடுத்தன.

போரும் பொழுதுபோக்கும்

குடியேறிய ஐரோப்பியர் இதைப் போருக்கும் எடுத்துக்கொண்டனர். 1758 மார்ச்சில் ஜார்ஜ் ஏரிக்கருகே பிரிட்டிஷ் தரப்பின் ராபர்ட் ரோஜர்ஸ் படை பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்ற சண்டைக்குப் 'பனிக்காலணிப் போர்' என்றே பெயர். 1840-களில் மாண்ட்ரியலில் பனிக்காலணிச் சங்கம் அமைந்தது. அதன் உறுப்பினர்கள் நீலக் குல்லா அணிந்து, தீப்பந்தம் ஏந்தி, இரவில் மவுண்ட் ராயல் குன்றேறினர். வேட்டைக் கருவி நகரத்தாரின் விளையாட்டாயிற்று.

1970-களில் அமெரிக்காவின் பிரேட்டர் சகோதரர்கள் அலுமினியச் சட்டத்தையும் அடியில் உலோகப் பற்களையும் கொண்டுவந்த பிறகு, செங்குத்தான பனிமேட்டிலும் ஏற முடிந்தது. 1990-களில் பிளாஸ்டிக் தட்டாலான வகை பரவி, பராமரிப்புத் தொல்லையும் குறைந்தது.

தேர்ந்தெடுத்தல்

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது எடை. உடல் எடையோடு முதுகுப்பையின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நடுத்தர எடைக்கு 25 அங்குல நீளம் பொதுவானது. பாரம் மிகுந்தாலோ தூள்பனி ஆழமாக இருந்தாலோ 30 அங்குலம் தேவைப்படும். இறுகிய பனிக்குச் சிறியதே வசதி. ஏற்றம் மிகுந்த வழியானால் கூரிய பற்களும், கெண்டைக்கால் வலியைக் குறைக்கும் குதிகால் தாங்கியும் வேண்டும். கையுறையைக் கழற்றாமலே வாரை இறுக்க முடிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடலாம். ஊன்றுகோலின் அடியில் அகன்ற வளையம் இல்லையென்றால் அது பனிக்குள் இறங்கிவிடும்.

புதைவதிலிருந்து காக்கும் இக்கருவி பனிச்சரிவிலிருந்து காக்காது. 30 முதல் 45 பாகைச் சாய்வுகளில்தான் சரிவுகள் அதிகம். 2010 பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில், பயிற்சியிலிருந்த ராணுவ வீரர்கள் 17 பேர் சரிவில் சிக்கி இறந்தனர். ஆகவே தடங்காட்டிக் கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றும் இல்லாமல் ஒதுக்குப்புற மலைக்குள் போகக்கூடாது.

இந்தியாவில்

காஷ்மீரத்து உழவர்கள் நெல் வைக்கோலில் பின்னிய 'புல்ஹோர்' அணிந்து பனியில் நடந்தனர். அது வழுக்காது; ஆனால் எடையைப் பரப்பாது. குல்மார்க்கில் 1927-இல் ஆங்கிலேய அதிகாரிகள் பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கினர்; 1948-இல் ராணுவப் பயிற்சிப் பள்ளி வந்தது. 1998-இல் முதல் கட்டமும் 2005-இல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்ட கம்பிவட ஊர்தி பயணிகளை மேலே கொண்டு சேர்த்தது. உத்தராகண்டின் கேதார்காந்தா போன்ற, ஆள்நடமாட்டத்தால் பனி இறுகிய பாதைகளில் பூட்ஸில் மாட்டும் முள்சங்கிலியே போதும். மிதிபடாத சரிவுகளில்தான் பனிக்காலணிக்கு வேலை.

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸ் குளிர்கால விளையாட்டில் பனிக்காலணி ஓட்டம் ஒரு போட்டி. 2025 மார்ச்சில் இத்தாலியின் டூரினில் நடந்த விளையாட்டில் இந்திய அணி 33 பதக்கங்கள் பெற்றது. பனிக்காலணி ஓட்டத்தில் வென்ற பதக்கங்களும் அவற்றில் அடங்கும்.