மாணவர் வீசா: கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது

உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதும் எமது பாடசாலைக்கு முதலில் வருவோர் விடுகைப் பத்திரமும் நற்சான்றிதழும் கேட்கும் பழைய மாணவர்கள்தான். ஒரு காலத்தில் அவை உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்காகவோ தொழிலுக்காகவோ கேட்கப்பட்டன. இன்று அவர்களில் பலர் அவுஸ்திரேலியா, பிரித்தானியா, ஜப்பான், மலேசியா என்று நாட்டின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். ஆங்கிலப் பரீட்சை, வங்கிக் கணக்கு, முகவர், நேர்முகம் என்று வீடே மாதக்கணக்கில் அலைகிறது. வீசா கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம்.

அங்கேதான் பிழைக்கிறது. வீசா என்பது பாடசாலையில் அனுமதி பெற்றதைப் போன்றது. அனுமதி கிடைத்த பிள்ளையின் பெயர் இடாப்பில் ஏறும். அதன்பின் ஒவ்வொரு நாளும் வரவு குறிக்கப்படும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலில் பழக்கப்பட்ட வேலைகளில் ஒன்று அந்த இடாப்பைப் பிழையின்றிப் பேணுவதுதான். மாணவர் வீசாவுக்கும் அப்படியொரு இடாப்பு உண்டு. அதில் நான்கு கேள்விகள் இருக்கின்றன: நீ எங்கே வசிக்கிறாய்? உண்மையாகவே படிக்கிறாயா? எத்தனை மணித்தியாலம் வேலை செய்கிறாய்? உன் ஆவணங்கள் செல்லுபடியாகின்றனவா? நாட்டுக்கு நாடு விதி வேறு, கேள்விகள் ஒன்றுதான்.

வீசா இரத்தாகித் திரும்பும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் குற்றம் செய்தவர்கள் அல்லர். வீடு மாறியதைச் சொல்லாதவர், பாடநெறியை மாற்றியவர், இரண்டு கடைகளில் வேலை செய்து நேரத்தைக் கூட்டிப் பார்க்காதவர் என்றுதான் கேள்விப்படுகிறோம். ஆகவே எமது பிள்ளைகள் அதிகம் செல்லும் நாடுகளின் முக்கிய விதிகளை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

அவுஸ்திரேலியா

மாணவர் வீசாவின் வகை எண் 500. நாட்டுக்குள் சென்று 7 நாட்களுக்குள் வசிக்கும் முகவரியைக் கல்வி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். வீடு மாறினாலும் அதே 7 நாட்கள்தான்.

வேலை விடயத்தில், பாடநெறி ஆரம்பிக்கும் முன் ஒரு மணித்தியாலமும் வேலை செய்ய முடியாது. ஆரம்பித்த பின், கற்கைக் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலங்கள். 2023 ஜூலை 1 முதல் இந்த எல்லை நடைமுறையில் உள்ளது. நிறுவனத்தின் விடுமுறைக் காலத்தில் எல்லை இல்லை. ஆய்வு முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் படிப்போருக்கு, கற்கை ஆரம்பித்த பின் எல்லை இல்லை.

இந்த 48ஐக் கணக்கிடுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு கிழமை என்பது திங்கட்கிழமை ஆரம்பித்து வரும் எந்த 14 நாட்களும் ஆகும். ஒரு பிள்ளை முதல் கிழமை 15, இரண்டாம் கிழமை 33, மூன்றாம் கிழமை 20 மணித்தியாலம் வேலை செய்ததாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு கிழமைகளைக் கூட்டினால் 48, சரி. இரண்டாம், மூன்றாம் கிழமைகளைக் கூட்டினால் 53, அது மீறல். சம்பளம் தரும் கடைக்காரர் இந்தக் கணக்கைப் பார்க்கமாட்டார். பிள்ளைதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி, பாடநெறியின் தரத்தைக் குறைப்பது. பல்கலைக்கழகக் கட்டணம் தாங்காமல், பட்டப்படிப்பை விட்டுவிட்டு மலிவான தொழிற்கல்வி டிப்ளோமாவில் சேரும்படி நண்பர்களும் முகவர்களும் யோசனை சொல்வார்கள். பட்டப்படிப்புக்காகப் பெற்ற வீசாவில் கீழ்நிலைப் பாடநெறிக்கு மாறுவது நிபந்தனை மீறல். மாற வேண்டுமானால் முதலில் புதிய வீசா எடுக்க வேண்டும். பிரதான பாடநெறியின் முதல் 6 மாதங்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. தங்கியிருக்கும் காலம் முழுவதும் மருத்துவக் காப்புறுதி தொடர வேண்டும்.

வீசா இரத்தானால், பல சந்தர்ப்பங்களில் 3 ஆண்டுகள் வரை வேறு தற்காலிக வீசாவும் கிடைக்காது.

பிரித்தானியா

இங்கே நாட்டுக்குப் பதிலாக இடாப்பைப் பேணுவது பல்கலைக்கழகம். மாணவர் சேராவிட்டால், இடைவிலகினால், பதிவைத் தொடராவிட்டால் 10 வேலை நாட்களுக்குள் உள்துறை அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டியது அதன் கடமை. அறிவிக்காவிட்டால் அதன் அனுமதிப்பத்திரத்துக்கே ஆபத்து. 2012இல் லண்டன் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதியை இழந்தபோது, ஏற்கனவே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதனால் எந்தப் பல்கலைக்கழகமும் பிள்ளைமீது இரக்கப்பட்டு வரவை மறைக்காது.

பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலங்கள். பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்புகளுக்கு 10. இங்கே கணக்கு ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனி. ஒரு கிழமை 10 செய்து மறு கிழமை 30 செய்ய முடியாது. சுயதொழில் அறவே கூடாது. செயலி வழியாக உணவு விநியோகிக்கும் வேலைகள் பெரும்பாலும் சுயதொழிலாகவே கணக்கிடப்படுகின்றன. “எல்லோரும் செய்கிறார்கள்” என்று வேறொருவரின் கணக்கில் ஓடும் பிள்ளை, தன் வீசாவையே பணயம் வைக்கிறது.

அச்சிட்ட வதிவிட அட்டைகளின் காலம் 2024 இறுதியுடன் முடிந்து, இப்போது எல்லாம் இணைய வழி வீசா. அந்தக் கணக்கில் கடவுச்சீட்டு இலக்கம், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி அனைத்தும் இன்றைய நிலவரப்படி இருக்க வேண்டும். புதிய கடவுச்சீட்டு எடுத்துவிட்டு அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுமுறைக்கு ஊர் வந்தால், திரும்பும்போது விமான நிலையத்திலேயே சிக்கல் வரலாம்.

ஜப்பான்

விமான நிலையத்திலேயே வதிவிட அட்டை கிடைத்துவிடும். ஆனால் அதில் முகவரி இருக்காது. குடியேறி 14 நாட்களுக்குள் அப்பகுதி நகர அலுவலகத்துக்குச் சென்று முகவரியைப் பதிய வேண்டும். வேறு நகரத்துக்கு மாறினால் பழைய நகர அலுவலகத்தில் வெளியேறுவதைச் சொல்லி, புதிய இடத்தில் 14 நாட்களுக்குள் மீண்டும் பதிய வேண்டும். பாடசாலை மாறினாலோ படிப்பு முடிந்தாலோ அதையும் 14 நாட்களுக்குள் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அட்டையை எப்போதும் கையில் வைத்திருப்பது சட்டம்.

மாணவர் வீசா தன்பாட்டில் வேலை அனுமதி தராது. தனி அனுமதி பெற வேண்டும். அதன்பின் கிழமைக்கு 28 மணித்தியாலங்கள். பாடசாலையின் நீண்ட விடுமுறையில் நாளொன்றுக்கு 8. இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் சேர்த்துத்தான் 28. பகலில் தொழிற்சாலை, இரவில் கடை என்று பிரித்துச் செய்தால் தெரியாது என்பது தவறான நம்பிக்கை. இரு சம்பளங்களும் வரிப் பதிவில் ஒரே பெயரின் கீழ் வருகின்றன. வீசா நீடிப்பின்போது வருமான, வரிச் சான்றிதழ்களைக் கேட்டால் கணக்கு வெளியே வரும். நியாயமான காரணமின்றி 3 மாதங்கள் படிக்காமல் இருந்தாலும் வதிவிடத் தகுதி இரத்தாகலாம்.

நீடிப்புக்கு, காலம் முடிவதற்கு 3 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் வரை காத்திருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மலேசியா, இந்தியா

கோம்பாக்கிலுள்ள சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் உட்பட மலேசியாவின் பல நிறுவனங்களில் எமது பிள்ளைகள் படிக்கிறார்கள். விண்ணப்பங்கள் ஈ.எம்.ஜி.எஸ் எனும் அமைப்பின் ஊடாகவும் கல்வி நிறுவனத்தின் ஊடாகவும் செல்கின்றன. சென்றிறங்கிய பின் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதைக் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும். மாணவர் அனுமதி வழக்கமாக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அப்போது 80 வீத வரவும் போதிய புள்ளிச் சராசரியும் பார்க்கப்படும். புதுப்பிக்கும் நாட்களில் கடவுச்சீட்டு அலுவலகத்தில் இருக்கும். ஆகவே பெருநாளுக்கு ஊர் வர விமானச்சீட்டு எடுக்கும் முன், அனுமதி எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். வேலை அனுமதி மிகக் குறுகியது: விடுமுறைக் காலத்தில் மட்டும், குறிப்பிட்ட சில துறைகளில், நிறுவனத்தின் ஊடாக அனுமதி பெற்று. வேலை செய்து கட்டணம் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இந்தியாவில் 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் வீசாவில் செல்வோர், சென்று 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இது இணையத்தில் நடக்கிறது. பக்கத்து நாடுதானே என்று விட்டுவிடக்கூடாது.

ஊரிலேயே சரிசெய்ய வேண்டியவை

முதலாவது, பெயர். எமது சமூகத்தில் இது பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் முஹம்மது, அடையாள அட்டையில் மொஹமட், பரீட்சைச் சான்றிதழில் எம். என்ற முதலெழுத்து மட்டும். வாப்பாவின் பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். பாடசாலை ஆவணங்களில் இதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இங்கே யாரும் கண்டுகொள்ளாத இந்த வேறுபாடு, அங்கே வங்கிக் கணக்கு, காப்புறுதி, வீசாக் கணக்கு ஆகியன ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும்போது பெரிதாகிறது. கடவுச்சீட்டு எடுக்கும் முன்பே திருத்தினால் செலவு குறைவு.

இரண்டாவது, கடவுச்சீட்டின் காலம். 2024இல் பத்தரமுல்லையில் நின்ற வரிசைகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்து தூதரகம் வழியாகப் புதுப்பிக்க இன்னும் நாளெடுக்கும். படிப்பு முடியும் வரை செல்லுபடியாகும் கடவுச்சீட்டுடன் அனுப்புவதே நல்லது.

மூன்றாவது, மின்னஞ்சல். பல முகவர்கள் தமது மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தே வீசாக் கணக்கைத் திறக்கிறார்கள். பின்னர் குடிவரவுத் திணைக்களம் அனுப்பும் எச்சரிக்கைகள் முகவருக்குத்தான் போகும். அவர் பார்த்தாரா, சொன்னாரா என்பது யாருக்கும் தெரியாது. விமானம் ஏறுமுன் கணக்கையும் கடவுச்சொல்லையும் பிள்ளையின் கைக்கு எடுங்கள்.

வீட்டிலிருந்து போகும் அழுத்தம்

விதிகளை அறியாமல் மீறுவோர் ஒரு பகுதி. அறிந்தே மீறுவோரும் உண்டு; அவர்களில் பலரை அந்த இடத்துக்குத் தள்ளுவது வீட்டுக் கடன்தான். உம்மாவின் நகை அடகில், காணி ஈட்டில். வட்டி ஏறுகிறது. வாப்பா தொலைபேசியில் கடனைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொல்கிறார். பிள்ளை அன்றிரவே இன்னொரு வேலை தேடுகிறது. வரவு குறைகிறது, பாடம் தவறுகிறது, நிறுவனத்திலிருந்து கடிதம் வருகிறது. வீசா போனால் கடன் அப்படியே இருக்கும்; அடைப்பதற்கான வழி மட்டும் இல்லாமற்போகும்.

அனுமதிக்கப்பட்ட நேரத்தில் உழைக்கும் பணம் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவும். முழுக் கல்விக் கட்டணத்தையும் ஊர்க் கடனையும் அது தாங்காது. இந்தக் கணக்கைப் போகுமுன் போட வேண்டும். கணக்கு சரிவராவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போடுவதில் வெட்கமில்லை.

சிக்கல் வந்தால்

நோய், மனச்சோர்வு, குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களால் படிப்புத் தடைப்பட்டால், முதலில் போக வேண்டிய இடம் நிறுவனத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே சொன்னால், படிப்பை ஒத்திவைக்க வழிகள் உண்டு. வீசாவையும் ஒத்திவைப்பு பாதிக்கலாம் என்பதால் அதையும் அங்கேயே கேட்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் வரவு அல்லது பெறுபேறு காரணமாக மாணவரை அறிவிக்கப்போவதாக நிறுவனம் எழுதினால், மேன்முறையீட்டுக்கு 20 வேலை நாட்கள் கிடைக்கும். அந்தக் கடிதத்தைத் திறக்காமல் வைப்பதுதான் மிகப்பெரிய இழப்பு. ஆலோசனை பெறுவதானால், அந்தந்த நாட்டில் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ சட்டத்தரணியிடமோ பெறுங்கள். வட்ஸ்அப் குழுவில் அல்ல.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் 40 ஆக இருந்த மணித்தியாலம் இடையில் தளர்த்தப்பட்டு, பின் 48 ஆனது. பிரித்தானியாவில் அட்டை போய் இணைய வீசா வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் போன நானா சொன்னது இன்று பிழையாக இருக்கலாம். ஒவ்வொரு தவணை ஆரம்பத்திலும் அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தை ஒருமுறை பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

எமது பழைய மாணவர் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயணம் புறப்படும் பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா வைக்கிறோம். அதனோடு அரை நாள் வழிகாட்டல் அமர்வொன்றையும் வையுங்கள். அந்நாட்டில் படித்துத் திரும்பிய ஒருவரை அழையுங்கள். பெற்றோரையும் உட்காரச் சொல்லுங்கள். முகவரி, வரவு, வேலை நேரம், ஆவணக் காலம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, முக்கிய திகதிகளோடு பிள்ளையின் அறைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அதன் பிரதியொன்று ஊரில் வாப்பா, உம்மாவின் கையிலும் இருக்கட்டும்.