கதியால் நகர்ந்த கதை

யாழ்ப்பாணத்து வேலிச் சண்டை என்றால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு சாண் நிலத்துக்காக என் ஐயாவும் அவருடைய சொந்தத் தங்கையான மாமியும் ஒன்றரை வருடம் முகம் பார்க்காமல் இருந்ததைக் கண்டவன் நான்.

எங்கள் ஊர்களில் அயலவர் என்பவர் அநேகமாகக் கூடப்பிறந்தவர்தான். 1707இல், ஒல்லாந்தர் காலத்தில், கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்த தேசவழமை, பெண்ணுக்குக் காணி சீதனமாகப் போகும் பழைய வழக்கத்தைச் சட்டமாகப் பதிந்தது. காணி விற்கிறவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அதை ஈடுபிடித்திருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அயலவரைச் சட்டமே உறவுக்காரர் வரிசையில் வைத்திருந்த காலம் அது. தெல்லிப்பழைப் பக்கம் பாட்டனாரின் பன்னிரண்டு பரப்பு வளவு, ஐயாவுக்கு ஆறு, மாமிக்கு ஆறு என்று பிரிந்ததும் சீதனத்தால்தான். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆறு பரப்பில் ஒரு சாண் போனாலும் வலிக்கும்.

வேலி என்பது பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்கள்; அவற்றில் கட்டிய கிடுகு. மாரி தொடங்க நட்டால் கதியால் வேர்பிடித்துத் துளிர்த்துவிடும். முள்முருக்கங்குழை ஆட்டுக்கு, பூவரசங்குழை தோட்டத்துக்கு. கறையான் அரித்த கிடுகையும் வீசமாட்டோம், பசளையாகத் தாழ்ப்போம். ஆனால் உயிருள்ள வேலி நகரும். பருத்த கதியால் பட்டுப்போனால், புதியதை அதற்கு இந்தப் பக்கம் நடுவதா, அந்தப் பக்கம் நடுவதா? அந்த ஒரு கேள்வியில் எத்தனை குடும்பங்கள் கோட்டுக்குப் போயின! அதனால்தான் வேலி அடைக்கும் நாளில் இரு வீட்டாரும் நிற்க வேண்டும் என்பது முறை. 1967 மாரியில் ஐயா சொல்லாமல் அடைத்தார். பிழை அவருடையது என்றே இன்றும் நினைக்கிறேன்.

தீர்த்துவைத்தவர் கிராம சேவகர். நாங்கள் பழக்கத்தில் விதானையார் என்போம். இரண்டு காணி உறுதிகளையும் வாங்கி வாசித்தார். இரண்டிலும் "கிணற்றில் பாதிப் பங்கு" என்று இருந்தது. அப்படியானால் எல்லை கிணற்றின் நடுவால் போக வேண்டும். கிணற்று நடுவிலிருந்து ஒழுங்கைக் கரைப் பனை வரை கயிறு பிடித்தோம். ஒரு முனையில் நாங்கள் மாமியின் நிலத்துக்குள் போயிருந்தோம். மறுமுனையில் அவர் எங்களுடையதற்குள் வந்திருந்தார். மாமி அழுதார். ஐயா ஒன்றும் பேசாமல் அலவாங்கை எடுத்துவந்து, தான் நட்ட கதியால்களைத் தானே பிடுங்கினார்.

1990 ஆனியில் போரால் அந்த வளவைவிட்டு ஓடினோம். திரும்பக் கால்வைத்தது 2015இல். வேலியும் இல்லை, பனையும் இல்லை, வீட்டின் அத்திவாரத்தைக்கூடப் பற்றைக்குள் தேட வேண்டியிருந்தது. கிணறு மட்டும் கிடந்தது. காணிப் பதிவகத்தில் எடுத்த உறுதிப் பிரதியோடு மாமியின் மகள் வந்தாள். நில அளவையாளர் வரைபடத்தை விரித்ததும், "கிணற்றிலையிருந்து பிடியுங்கோ" என்றாள் மச்சாள். நான் சொல்ல வாயெடுத்ததும் அதையேதான்.

இப்போது கதியாலுக்கு ஆளில்லை. செலவைப் பாதிப் பாதியாகப் போட்டு மதில் கட்டினோம். கிணற்றடி வந்ததும் நிறுத்தச் சொன்னோம்; அதற்கு அப்பாலிருந்து மேசன் மறுபடி தொடங்கினார்.