தோட்ட முதலாளியும் தொழிலாளர் வாக்கும்

தேயிலை மலைகளின் வரலாற்றை எழுதுவோர் விளைச்சலையும் விலையையும் கணக்கிடுவர். வாக்குச் சீட்டைக் கணக்கில் எடுப்போர் சிலரே. லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தில் வாழும் நமக்கு, கடலுக்கு அப்பால் உள்ள மற்றொரு தேயிலை மலையாகிய நுவரெலியாவின் தேர்தல் வரலாறு சிறந்த பாடமாக அமையும். அவ்வரலாற்றின் நடுநாயகர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

1913இல் தமிழகத்தின் முனைப்புதூரில் பிறந்த இவருடைய தந்தையார் கருப்பையா, இலங்கைக்குத் தொழிலாளியாகச் சென்று, உழைப்பால் உயர்ந்து, இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளரானவர். அத்தோட்டத்தை நிருவகித்த மகனோ தொழிலாளர் இயக்கத்தின் தலைவரானார். முதலாளியே தொழிலாளருக்காக வாதாடுவதா என வியந்தோர் பலர். வியப்புக்கு விடை தேர்தல் களத்தில் கிடைத்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் நுவரெலியாவில் போட்டியிட்டு வென்றார். தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றார். தோட்ட மக்களின் வாக்கு நாடாளுமன்றத்தின் வாயிலைத் திறந்தது. திறந்த வாயில் விரைவிலேயே அடைக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்தவரும் தம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கேயே பிறந்தமையை மெய்ப்பிக்க வேண்டியவராயினர். லயன் வீடுகளில் பிறந்தோரிடம் அத்தகைய பத்திரம் ஏது? அடுத்த ஆண்டில் வந்த தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமையற்றோரின் பெயர்களை வாக்காளர் பட்டியலினின்று அகற்றியது. 1952இல் தொண்டமானும் அவர்தம் தோழர்களும் சத்தியாக்கிரகம் செய்தனர். எனினும் அவ்வாண்டுத் தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

1960 மார்ச்சில் தொண்டமான் மீண்டும் நுவரெலியாவில் நின்றார், தோற்றார். மக்கள் அவரைக் கைவிட்டனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவரை ஆதரித்த மக்களுள் பெரும்பாலோர் பட்டியலிலேயே இல்லை! அவ்வாண்டிலும் 1965இலும் அவர் நாடாளுமன்றம் புகுந்தது நியமன உறுப்பினராகவே. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரின் விருப்பம் கேட்கப்படவில்லை.

குடியுரிமை பெற்றோர் தொகை சிறிது சிறிதாகப் பெருகவே, 1977இல், மூவர் தேர்ந்தெடுக்கப்படும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாம் உறுப்பினராக அவர் வென்றார். முதல் வெற்றிக்கும் இவ்வெற்றிக்கும் இடையே முப்பது ஆண்டுகள்! மறு ஆண்டில் அமைச்சரானார். 1988ஆம் ஆண்டுச் சட்டமும், அவர் மறைந்த பின் வந்த 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் நிலையை நீக்கின.

நம் கேமரன் மலைத் தொகுதியில் 2013இல் வெற்றி தோல்வியை வகுத்தவை 462 வாக்குகள், 2018இல் 597. சில தோட்டக் குடியிருப்புகளின் வாக்குகளே போதும் அவ்வித்தியாசத்தை மாற்ற. 2021ஆம் ஆண்டின் இறுதி முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதியப்படுகின்றனர். ஆயினும் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதவனுக்கு அவ்வாய்ப்பு எட்டாக்கனியே. ஆகவே, மாணவரைப் பள்ளியிற் சேர்க்கும் நாளில் பத்திரங்களை ஆராய்ந்து, குறை கண்டவிடத்துப் பெற்றோரைப் பதிவு இலாகாவுக்கு ஆற்றுப்படுத்துதல் ஆசிரியரின் தலையாய கடனாகும். தலைவர் எத்துணை முறை தேர்தலில் நின்றாலும், பட்டியலில் பெயரில்லாத மக்களால் அவரை வெல்லச் செய்ய இயலாது என்பதே நுவரெலியா நமக்குக் காட்டும் உண்மை.