சட்டாம்பிள்ளை

பிறர் காரியத்தில் ஒருவன் வலியப் புகுந்து அதிகாரம் செலுத்தினால், 'இவன் என்ன பெரிய சட்டாம்பிள்ளையோ?' என்று கேட்பது நம்மவர் வழக்கம். இவ்வாறு ஏளனத்துக்கு உரியதாகிவிட்ட இச்சொல், திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நடைபெற்ற காலத்தில், உபாத்தியாயருக்கு அடுத்த ஸ்தானத்தை வகித்த ஒரு சிறுவனின் பதவிப் பெயராக இருந்தது. மாணாக்கர்களுள் மூத்தவனும் கெட்டிக்காரனுமாகிய அவன், இளம் பிள்ளைகளை மணலில் எழுதப் பழக்கியும், எண்சுவடியை முறை சொல்லிக் கொடுத்தும், பள்ளிக்கு வராமல் ஒளிந்தவனை வீடு தேடிச் சென்று இழுத்து வந்தும், ஆசிரியர் இல்லாத வேளையில் பிரம்பைக் கையில் எடுத்தும், மீசை அரும்பாத பிராயத்திலேயே கற்பித்தலையும் அடக்கியாளுதலையும் ஒருங்கே பயின்றான்.

பிள்ளைகள் பார்த்து எழுதும் மாதிரிக்குச் சட்டம் என்று பெயர் உண்டாதலின், அதிலிருந்து இச்சொல் பிறந்ததாகக் கொள்ளலாம். எனினும், மாணாக்கனைக் குறிக்கும் 'சாத்ர' என்னும் வடசொல்லின் திரிபாகிய 'சட்டர்' என்பதே இதன் மூலம் என்பது என் துணிபு. இன்றைய குமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 சட்டர்களுக்குக் கல்விச்சாலை அமைத்த செய்தியைக் கூறும் செப்பேடு 866-ஆம் ஆண்டைச் சார்ந்தது. வேதம் ஓதவந்த அச்சட்டர்கள் ஒருவரையொருவர் ஏசினாலும் ஆயுதத்தால் தாக்கினாலும் தண்டம் விதிக்கப்படும் என்று அதிலே கண்டிருப்பதால், அக்காலத்து மாணாக்கரும் பரம சாதுக்களாக இருந்துவிடவில்லை என்று தெரிகிறது!

சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனைக் கொண்டே இளையோருக்கு அவ்வாறு எழுத்துக் கற்பித்து, அம்முறையை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் சட்டாம்பிள்ளைக்கு அதில் பங்குண்டு என்பதை நம்மிலே பலர் அறியார்.

மலையாள நாட்டில் இச்சொல் 'சட்டம்பி' எனக் குறுகி, இன்று போக்கிரியைக் குறிக்கிறது. ஆயினும், பேட்டையில் இராமன் பிள்ளை ஆசானிடம் பயின்றபோது அப்பதவியை வகித்த சிறுவரே பிற்காலத்தில் சட்டம்பி சுவாமிகள் (1853–1924) என்று போற்றப்பட்டார். தமிழ்நாட்டிலோ, சிறுவர்களை விட்டு நீங்கிய இப்பெயரைப் பெரியவர்களும் வல்லரசுகளுமே இப்போது சுமக்கின்றனர். கற்பிக்கும் கடமையை விட்டுப் பிரம்பை மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு இது தகும்.