முதுமையும் ஆஸ்பத்திரி உரிமையும்

உழைத்து ஓய்ந்த உடலுக்கு நோய் வந்தால் மருந்துக்குப் பொறுப்பாளி யார் என்னும் கேள்விக்கு, நம்மவருட் பலர் இன்றும் “தலையெழுத்து” என்றே விடை பகர்கின்றனர். சரித்திரம் கூறும் விடையோ வேறு.

மலாய் நாட்டுத் தோட்டங்களில் 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் வைத்திய வசதி செய்யும் கடமையை முதலாளிமார் மீது சுமத்தின. ஆஸ்பத்திரியும் டிரெஸரும் கொயினா மருந்தும் லயத்தை எட்டியது இவ்வாறே. ஆயினும், அம்மருந்து யாருக்கு? செக்ரோலில் பெயருள்ளவர்க்கும் அவரை அண்டியிருந்தோர்க்குமே! கை தளர்ந்து பெயர் அடிபட்டால், வீட்டுக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் வேலையையே நம்பி நிற்க வேண்டும். அப்பெயர்களை எழுதியும் அடித்தும் வரும் கிராணிகளாகிய நாம் இதனை நன்கறிவோம்.

பிற நாடுகள் இக்குறையை எவ்வாறு தீர்த்தன? அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் 65 வயதினர்க்கு ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் அளித்தது. ஊழியக் காலத்தில் தொழிலாளியும் முதலாளியும் சரிபாதியாகச் செலுத்தும் பணமே அதற்கு ஆதாரம். இந்திய அரசாங்கமோ 2024இல், 70 வயது நிரம்பியோர்க்கு வருமானம் பாராது, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிக் காப்பு அளிக்க முன்வந்தது.

நமது நாடு கொண்ட வழி வேறு. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரிகளைத் தாங்குவது பெரும்பாலும் பொதுவரியேயன்றிச் சந்தாவன்று. வெளிநோயாளர் பகுதியில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். 60 வயது கடந்தோர்க்கு அதுவும் இல்லை. 1951இல் தோன்றிய சேமநிதி இன்ஷூரன்ஸ் அன்று. அவரவர் சேமிப்பு, தீர்ந்தால் தீர்ந்ததே. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சொக்சோ, வேலை விபத்துக்கும் உழைக்க இயலாமைக்கும் உரியது. முதுமையின் நோய்கள் அனைத்துக்கும் உரியதன்று. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், குறைந்த வருமானத்தார்க்கு உடற்பரிசோதனையும், தேவையான வைத்தியக் கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை உதவியும் வகுத்தது.

இவற்றைப் பிரித்தறியாதவர், சேமநிதி கரைந்ததும் எல்லாம் போயிற்றென்று எண்ணி நோயை மறைத்து வீட்டிலேயே கிடக்கின்றனர். இது பரிதாபத்திற்குரியது. ரப்பர் ஏற்றுமதித் தீர்வை அரசாங்கத்தின் கஜானாவை நிரப்பிய காலத்தில், இருள் பிரியுமுன் எழுந்து பால் வெட்டியவர் யார்? இம்முதியோரே அல்லவா? ஆதலின், சிலிபினிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரி வாயிலை அடையும் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தருமம் கேட்டு நிற்பவரல்லர். தம் சந்தாவை உழைப்பால் முன்னரே செலுத்தியவர். இதனை அவர்க்கு எடுத்துரைத்து உடன் அழைத்துச் செல்வது படித்த இளைஞர் கடமையாகும்.